பழைய பொருளின் ஜாதகம் யாரிடம்?

பயணிகள் விமானம் ஓடுபாதையைத் தொடும் நொடியில், அதுவரை சுழலாமல் இருந்த அதன் டயர்கள் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தை எட்டியாக வேண்டும். மேலே உறையவைக்கும் குளிர், கீழே பிரேக்கின் கொதிப்பு, தலைமேல் பல டன் எடை. ரப்பருக்கு இதைவிடக் கடினமான வாழ்க்கை அமைவது அரிது. அப்படி உழைத்த டயரைத்தான், தேய்ந்ததும் கழற்றி, மேற்பட்டையைச் சுரண்டி எடுத்து, புதிய பட்டை ஒட்டி, வெப்பத்தில் இறுகவைத்து மறுபடியும் விமானத்தில் மாட்டுகிறார்கள். ‘ரீட்ரெட்’ எனப்படும் இந்த வேலை ஒருமுறையோடு முடிவதில்லை. எத்தனையாவது முறை என்பதையும் டயரின் பக்கவாட்டிலேயே பொறித்துவிடுகிறார்கள். உலகின் பெரிய விமான நிறுவனங்கள் பலவும் இத்தகைய டயர்களை நம்பித்தான் தரையிறங்குகின்றன. ஆனால், தரையில் ஓடும் ஒற்றை லாரியின் உரிமையாளர், முன்பின் தெரியாத பழைய டயரில் ரீட்ரெட் செய்ததை வாங்கப் பத்து முறை யோசிக்கிறார். கார் வைத்திருப்பவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இரண்டிலும் ரப்பர்தான், உள்ளே கம்பியோ நூலோ அடுக்கப்பட்ட உடல்தான். விமான டயருக்கு அது பிறந்த நாளிலிருந்து ஒரு பதிவேடு உண்டு: எந்தச் சக்கரத்தில் இருந்தது, எத்தனை முறை இறங்கியது, எப்போது கழற்றப்பட்டது, பரிசோதித்தவர் என்ன கண்டார். லாரி டயருக்கு அப்படி எதுவும் கிடையாது.

தேய்ந்த பொருளை முழுமையாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் சோதித்து, கெட்டதை மாற்றி, புதியதற்கு நிகரான திறனோடும் புதியதற்கு நிகரான உத்தரவாதத்தோடும் திரும்ப விற்பதே மறுஉற்பத்தி. பிரிட்டன் 2009இல் வகுத்த தர வரையறையின் சாரமும் இதுதான். தமிழில் இந்தச் சொல் இன்னும் வேரூன்றவில்லை; ‘மறுசுழற்சி’ என்ற ஒரே சாக்குக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிடுகிறோம். அது பெரும் பிழை. ஓர் இன்ஜின் பிளாக்கை உருக்கினால் கிடைப்பது இரும்பு மட்டுமே. அதை வார்த்து, கடைந்து, நுண்ணளவில் மெருகேற்றுவதற்குச் செலவான மின்சாரமும் உழைப்பும் உலையோடு போய்விடும். அதே பிளாக்கின் சிலிண்டர் துளைகளை மறுபடி கடைந்து, அதாவது ரீபோர் செய்து மீட்டால் அவ்வளவும் மிஞ்சும். பொருளின் ஆயுளை நீட்டித்தால் ஆற்றலுக்குச் செலவிடுவதை மனிதரின் வேலைக்குச் செலவிடலாம் என்று வால்டர் ஸ்டாஹெலும் ஜெனிவீவ் ரெடேயும் ஐரோப்பிய ஆணையத்துக்கு 1976இலேயே எழுதிக் கொடுத்தார்கள். இன்று சுழற்சிப் பொருளாதாரம் என்று உலகம் பேசுவதன் முதல் விதைகளுள் ஒன்று அந்த அறிக்கை.

அதற்குப் பல பத்தாண்டுகள் கழிந்த பின் நிலவரம் என்ன? அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக ஆணையம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2011ஆம் ஆண்டின் மறுஉற்பத்தி மதிப்பு 4,300 கோடி டாலர். அதைச் சார்ந்து 1,80,000 பேருக்கு வேலை. ஐரோப்பாவில் 2015இல் எடுத்த கணக்கில் சுமார் 3,000 கோடி யூரோ, 1,90,000 பேர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அந்தந்தத் துறைகளின் மொத்த உற்பத்தியோடு வைத்துப் பார்த்தால் இது 2 சதவீதத்தை ஒட்டியே நின்றது. இவ்வளவு நன்மை உள்ள தொழில் ஏன் வளரவில்லை என்று கேட்டால், துறையினர் சொல்லும் பதில்களின் அடியில் ஒரே சொல் கிடக்கிறது: நிச்சயமின்மை. வருவது எது, எப்போது வரும், எந்த நிலையில் வரும் என்று தெரியாமல் எப்படித் தொழில் நடத்துவது? கேள்வி நியாயமானது. ஆனால் அந்த நிச்சயமின்மை பழைய பொருளின் பிறவிக்குணம் என்று எண்ணி அங்கேயே நின்றுவிடுகிறோம். அதன் பெரும்பகுதி நாம் உண்டாக்கியது. ஒருகாலத்தில் யாரோ அறிந்திருந்த தகவலைத் தொலைத்தோம், அல்லது மறைத்தோம். அதன் விலையைத்தான் மறுஉற்பத்திக் கூடம் கட்டிக்கொண்டிருக்கிறது.

நிச்சயமின்மை கூடத்துக்குள் எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். புதிய இன்ஜின் செய்யும் ஆலையில், நாளை காலை எத்தனை கிராங்க் ஷாஃப்ட் தேவை என்பது இன்றே தெரியும். பழைய இன்ஜினைப் புதுப்பிக்கும் கூடத்துக்கு வரும் நூறு இன்ஜின்களில் எத்தனை கிராங்க் தேறும் என்பது பிரித்து, கழுவி, காந்தத் துகள் தூவி விரிசல் தேடிய பிறகே தெரியும். தேறியதிலும் வகை உண்டு. ஒன்றைக் கால் மில்லிமீட்டர் கடைந்தால் போதும்; இன்னொன்று ஏற்கெனவே ஒருமுறை கடையப்பட்டது, அதற்கு அரை மில்லிமீட்டர்; மூன்றாவது கடைசி அளவையும் கடந்துவிட்டது, பழைய இரும்புக்குத்தான் போகும். ஒவ்வொரு அளவுக்கும் வேறு பேரிங் வாங்கிவைக்க வேண்டும். கனெக்டிங் ராடின் மூடியை அதே ராடில்தான் மாட்ட வேண்டும். இன்னொன்றின் மூடி பொருந்தாது. ஒரு பிளாக் இரண்டு மணி நேரத்தில் முடியும், அடுத்தது இரண்டு நாள் எடுக்கும். அமெரிக்கப் பேராசிரியர் டேனியல் கைட் 2000ஆம் ஆண்டில் இந்தத் தொழிலை ஆராய்ந்து அதைச் சிக்கலாக்கும் ஏழு இயல்புகளைப் பட்டியலிட்டார். பழையது திரும்பும் காலமும் எண்ணிக்கையும், அதற்கும் தேவைக்கும் இடையிலான பொருத்தம், பிரித்தபின் மிஞ்சும் பாகம், ஒவ்வொன்றும் கடக்க வேண்டிய வேலைகளின் வரிசை என எல்லாமே அதில் ஊசலாடுகின்றன. இந்த ஊசலாட்டத்தைச் சமாளிக்கக் கூடங்கள் கையிருப்பைக் குவிக்கின்றன. குவித்த கையிருப்புக்கு வட்டி ஏறுகிறது. புதிய பாகத்தோடு போட்டியிடும் விலை அங்கேயே நழுவத் தொடங்குகிறது.

இப்போது அந்தக் கிராங்குக்குத் திரும்புவோம். அது முன்பு ஒருமுறை கடையப்பட்டது என்பது, கடைந்த பட்டறைக்குத் தெரியும். இன்ஜின் எவ்வளவு ஓடியது, எத்தனை முறை அளவுக்கு மீறிச் சூடேறியது என்பது வண்டி ஓட்டியவருக்குத் தெரியும். நவீன வண்டியானால் அதன் கணினிக்கும் தெரியும். என்ன உலோகக் கலவை, எந்த அளவு தேய்மானம் வரை தாங்கும் என்பது தயாரித்தவரின் வரைபடத்தில் இருக்கிறது. இந்த மூவரிடமும் இருந்த செய்தி எதுவும் கூடத்தின் வாசலுக்கு வந்துசேரவில்லை. ஆகவே கூடம் எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்கிறது. சந்தையிலும் இதே கதைதான். பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து விளக்கிய உண்மை இங்கே அப்படியே பொருந்தும். நல்லது எது, சொத்தை எது என்று வாங்குபவர் பிரித்தறிய முடியாவிட்டால், எல்லாவற்றுக்கும் சொத்தையை மனத்தில் வைத்தே விலை சொல்வார். அந்த விலைக்கு நல்ல பொருள் வைத்திருப்பவர் விற்க வரமாட்டார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது சொத்தைதான். ‘நான்தான் அப்போதே சொன்னேனே’ என்று வாங்குபவரின் சந்தேகம் உறுதிப்படும். அகெர்லாஃபுக்கு 2001இல் நோபல் பரிசு வாங்கித் தந்த கருத்து இது. பழையதை நம்பாத நம் மனநிலையைப் பண்பாட்டுக் குறை என்று திட்டுவதில் அர்த்தமில்லை. தகவல் இல்லாத இடத்தில் சந்தேகப்படுவது அறிவுள்ள செயல்.

தகவல் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானில் தெளிவான சான்று இருக்கிறது. நிசான் நிறுவனம் 2010இல் ‘லீஃப்’ மின்சாரக் காரை விற்கத் தொடங்கியபோதே, சுமிடோமோ நிறுவனத்துடன் சேர்ந்து ‘4ஆர் எனர்ஜி’ என்ற நிறுவனத்தையும் தொடங்கியது. காரிலிருந்து இறங்கும் பேட்டரிகளுக்கு மறுவாழ்வு கொடுப்பது அதன் வேலை. முதல் தலைமுறை லீஃப் பேட்டரிக்குள் 48 தொகுதிகள். எல்லாம் ஒரேபோலத் தேய்வதில்லை. எது திடமாக இருக்கிறது, எது தளர்ந்துவிட்டது என்று தனித்தனியே அளந்தாக வேண்டும். தொடக்கத்தில் ஒரு பேட்டரியை அளந்து முடிக்க 16 நாள் ஆனதாகவும், பின்னர் அதே வேலையை நான்கு மணி நேரத்தில் முடிக்கக் கற்றுக்கொண்டதாகவும், 2018இல் புகுஷிமா மாகாணத்தின் நமியே நகரில் ஆலை திறந்தபோது அந்நிறுவனம் தெரிவித்தது. பொருளின் நிச்சயமின்மை அப்படியே இருந்தது. அதை அறிவதற்கான வழி மட்டுமே மாறியது. அந்த வழி நிசானுக்குத் திறந்திருந்தது, ஏனென்றால் அது தான் செய்த பேட்டரி; அதன் வடிவமைப்பும் நடத்தையும் தன் கைக்குள் இருந்தன. அதே பேட்டரி கோயம்புத்தூரிலோ கொழும்பிலோ ஒரு தனிப் பட்டறைக்கு வந்திருந்தால், அதைத் திறப்பதே ஆபத்தான சூதாட்டமாகியிருக்கும்.

இதுவரை பார்த்தது தற்செயலாகத் தொலையும் தகவல். வேண்டுமென்றே பூட்டப்படும் தகவலும் உண்டு. அச்சு எந்திரங்களின் டோனர் குப்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கழுவி, தேய்ந்த உருளையை மாற்றி, மையை நிரப்பி விற்கும் தொழில் உலகெங்கும் செழித்தது. பதிலுக்குச் சில தயாரிப்பாளர்கள் குப்பிக்குள் ஒரு சிப் வைத்தார்கள். ஒருமுறை தீர்ந்த குப்பியை எந்திரம் ஏற்க மறுத்தது. லெக்ஸ்மார்க் நிறுவனம் மறுபடி நிரப்பியவர்கள்மீது காப்புரிமை வழக்கும் தொடுத்தது. 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொருளை விற்ற கணத்திலேயே அதன்மீதான காப்புரிமைப் பிடி முடிந்துபோகிறது என்று தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது, ஆனால் சிப் போகவில்லை. மறுஉற்பத்தி செய்பவர், தான் நாளை சந்தைக்கு அனுப்பும் குப்பியை அடுத்த மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகும் எந்திரம் ஏற்குமா என்று அறியாமல்தான் முதலீடு செய்கிறார். இந்த நிச்சயமின்மைக்கும் தேய்மானத்துக்கும் துளியும் தொடர்பில்லை. ஒரு தரப்பு இன்னொரு தரப்பின்மீது இதைச் சுமத்துகிறது. இதையும் ‘தொழிலின் இயல்பான சிக்கல்’ என்ற கணக்கில் எழுதுவது அநியாயம்.

எப்போது, எத்தனை திரும்பும் என்ற கேள்விக்கும் தீர்வுகள் நடைமுறையில் இருக்கின்றன. அமெரிக்காவில் புதுப்பித்த ஸ்டார்ட்டர் மோட்டாரோ ஆல்டர்னேட்டரோ வாங்கினால், விலையோடு ஒரு வைப்புத்தொகையும் கட்ட வேண்டும். பழையதைக் கொண்டுவந்து கொடுத்தால் அது திரும்பும். நம் ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றும்போது பழைய பேட்டரிக்கு விலை கழித்துக்கொள்வதும் இதே தர்க்கம்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் வந்ததும் திருப்பிக்கொடுக்கும் ஏற்பாடு தொடங்கியது. காட்டிலும் ஓடையிலும் நொறுங்கிக் கிடந்த கண்ணாடி, எண்ணி எடுக்கக்கூடிய வரவாக மாறியது. மனிதர்களின் நடத்தையை முன்கூட்டியே கணிக்க முடியாது என்ற வாதம் அந்தப் பத்து ரூபாயின் முன் நிற்கவில்லை.

இன்னும் உறுதியான வழி, பொருளின் உடைமை கைமாறாமல் இருப்பது. விமான டயர்களுக்கு நிறுவனங்கள் பல இடங்களில் தரையிறக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுக்கின்றன. டயர் தயாரிப்பாளருடையதாகவே இருக்கிறது. ஆகவே அடுத்தடுத்த ரீட்ரெட்டுக்குத் தாங்கும்படி உடலைக் கட்டுவது தயாரிப்பாளருக்கே லாபம். இதற்கு மேலைநாட்டு உதாரணம்தான் வேண்டும் என்றில்லை. தமிழ்நாட்டின் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் நெடுங்காலமாகத் தங்கள் டயர்களைத் தங்கள் கூடங்களிலேயே ரீட்ரெட் செய்துவருகின்றன. பேருந்தும் கழகத்துடையது, டயரும் கழகத்துடையது, புதுப்பிக்கும் கூடமும் கழகத்துடையது. டயர் எந்தப் பேருந்தில் எவ்வளவு ஓடியது என்று கணக்கு வைக்க ஒரே நிர்வாகம் இருக்கிறது. சுழற்சிப் பொருளாதாரம் என்ற பெயர் தெரிவதற்கு முன்பே பணிமனைகளில் அது நடந்துகொண்டிருந்தது. அதை ‘சிக்கனம்’ என்று மட்டுமே பார்த்தோம். அங்கு காப்பாற்றப்பட்ட முக்கியமான பொருள் டயரின் வரலாறு என்பதைக் கவனிக்கவில்லை.

இந்தியாவின் புதிய சட்டங்கள் இந்த இடத்தில்தான் தடம் மாறுகின்றன. தயாரிப்பாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு என்ற கொள்கையின் கீழ் பேட்டரி, மின்னணுக் கழிவு, டயர், இப்போது ஆயுள் முடிந்த வாகனங்கள் என வரிசையாக விதிகள் வந்துவிட்டன. இது பாராட்டத்தக்க முன்னேற்றம். ஆனால் விதிகள் அளப்பது எடையை. 2022இல் வந்த டயர் விதி, தயாரிப்பாளர்களின் கடமையை 35 சதவீதத்தில் தொடங்கி, 70 சதவீதமாக்கி, பிறகு 100 சதவீதத்துக்குக் கொண்டுசென்றது. பொடியாக்கிய ரப்பர், மீட்ட ரப்பர், மீட்ட கார்பன் கரி ஆகியவற்றுக்குச் சான்றிதழ் உண்டு. ரீட்ரெட் செய்தாலோ அந்தக் கடமை தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆயுள் முடிந்த வாகன விதிகளில் கணக்கின் அச்சு, மீட்கப்படும் எஃகு. பிரித்தெடுத்த ஒரு நல்ல கியர்பாக்ஸும், அதே எடையுள்ள துருவேறிய கதவும் அந்தத் தராசில் ஒன்றுதான். எடையை அளக்கும் விதி எடையைத்தான் விளைவிக்கும். நொறுக்குவதற்குத் தகவல் எதுவும் தேவைப்படாது, மீட்பதற்குத்தான் தேவை. விதி எதை எண்ணவில்லையோ, அதைச் சேர்த்துவைக்க யாரும் செலவழிக்கமாட்டார்கள்.

தகவல் இல்லாத இடத்தில் சட்டம் எவ்வளவு தடுமாறும் என்பதற்கு இரண்டு சான்றுகள். நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின்படி, புதுப்பித்த எந்திர உதிரிபாகத்தை இறக்குமதி செய்ய, அதன் ஆயுளில் குறைந்தது 80 சதவீதம் மீதம் இருக்கிறது என்று பட்டயப் பொறியாளர் சான்று தர வேண்டும். ஆனால் பாகத்தின் கடந்தகாலம் கையில் இல்லாமல், மேலே தட்டிப் பார்த்து மீதி ஆயுளைச் சதவீதத்தில் சொல்ல எந்தப் பொறியாளரால் முடியும்? மற்றொன்று பிரேசில். ரீட்ரெட் டயர் இறக்குமதியை அந்நாடு தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்கு தொடுத்தது. பிரேசிலின் வாதம் வலுவானது: கார் டயரை ஒருமுறைதான் ரீட்ரெட் செய்ய முடியும், அந்த ஒருமுறை ஏற்கெனவே முடிந்துவிட்ட டயர் எங்களிடம் வந்தால் அது விரைவில் குப்பையாகும், குப்பை டயரில் மழைநீர் தேங்கும், அதில் டெங்கு கொசு வளரும். மழைக்காலம் தோறும் வாசலில் கிடக்கும் பழைய டயரை அகற்றச் சொல்லி எச்சரிக்கப்படும் நமக்கு இந்த வாதம் புரியாமல் போகாது. 2007 டிசம்பரில் மேல்முறையீட்டு அமைப்பு, உடல்நலத்துக்காக அப்படித் தடைசெய்யலாம் என்பதை ஏற்றது. ஆனால் தென்னமெரிக்க வர்த்தகக் கூட்டணியான மெர்கோசூரின் நாடுகளுக்கு விலக்கு கொடுத்தும், பழைய டயர் உடல்களை நீதிமன்ற உத்தரவின் பேரில் உள்ளே விட்டும் தடையைப் பாரபட்சமாக நடத்தியது தவறு என்றது. ஒரே பொருள் ஓரிடத்தில் வளம், இன்னோரிடத்தில் குப்பை. எவ்வளவு ஆயுள் மீதம் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. மறுஉற்பத்தியின் பெயரில் வளர்ந்த நாடுகள் தம் குப்பையை நம் தலையில் கட்டிவிடும் என்ற அச்சம் உண்மையானது. அதற்கு மருந்தும் பதிவேடுதான். அது இல்லாமல் கதவைத் திறப்பதும் மூடுவதும் ஒன்றுபோலக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை.

எவ்வளவு பதிவு செய்தாலும் தேய்மானம் தேய்மானம்தானே, உள்ளே ஓடும் நுண்விரிசலை எந்த ஏடு காட்டும் என்று கேட்கலாம். சரியான கேள்வி. நிச்சயமின்மை முற்றாக ஒழியாது. ஆனால் அளவு தெரிந்த ஆபத்து வேறு, ஒன்றுமே தெரியாத இருட்டு வேறு. ஆயிரம் டயர்களின் வரலாறு தெரிந்தால், அவற்றில் எத்தனை தவறும் என்பதைக் கணக்கிட்டு, அதற்கேற்ப உத்தரவாதம் கொடுக்கலாம், காப்பீடு செய்யலாம். எந்த மனிதர் எப்போது இறப்பார் என்று தெரியாமலேயே ஆயுள் காப்பீடு நடக்கிறது. மிஞ்சும் ஆபத்தைப் பாதுகாப்பு விதிகளால் கட்டுப்படுத்த முடியும். அமெரிக்காவில் பேருந்தின் முன்சக்கரங்களில் ரீட்ரெட் டயர் மாட்டக் கூடாது என்று தெளிவான சட்டம் இருக்கிறது. எங்கே ஏற்கலாம், எங்கே கூடாது என்று கோடு போடவும் தரவுதான் வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதை நான் பாதியேனும் ஏற்கிறேன். பழையதை நீட்டிப்பது எப்போதும் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானா? அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் திமோதி குடோவ்ஸ்கியும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மேசை நாற்காலி முதல் மோட்டார், டயர், இன்ஜின் வரை 25 நேர்வுகளை எடுத்து, தயாரிப்பில் மிஞ்சும் ஆற்றலோடு பயன்பாட்டில் செலவாகும் ஆற்றலையும் கூட்டிப் பார்த்தார்கள். எட்டில் மட்டுமே தெளிவான மிச்சம், ஆறில் நஷ்டம், பதினொன்றில் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மின்சாரம் குடிக்கும் பழைய குளிர்பதனப் பெட்டியைப் புதுப்பித்து இன்னும் பத்தாண்டு ஓடவிடுவது, இரும்பை மிச்சப்படுத்தி நிலக்கரியை எரிப்பது. ரீட்ரெட் செய்த டயருக்கு உருளும்போது தடை கொஞ்சம் கூடினாலே டீசலில் அந்த மிச்சம் கரைந்துபோகலாம். ஆகவே எல்லாவற்றையும் மறுஉற்பத்தி செய்வோம் என்று முழங்குவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. ஆனால் அந்தப் பதினொன்றைக் கவனியுங்கள். எது லாபம், எது நஷ்டம் என்று ஆய்வாளர்களே சொல்ல முடியாமல் நிற்கும் இடம் அது. இந்தப் பொருள், இந்தப் பயன்பாட்டில், இவ்வளவு ஆற்றல் குடிக்கிறது என்ற தகவல் இருந்தால், எதை மீட்க வேண்டும், எதை உருக்க வேண்டும் என்று நேர்மையாகப் பிரிக்கலாம். சில சமயம் தகவல் மறுஉற்பத்திக்கு எதிராகவே சாட்சி சொல்லும். சொல்லட்டும்.

தயாரிப்பாளர்கள் தொழில் ரகசியத்தைக் காட்டி மறுப்பார்கள். கேட்கப்படுவது பேட்டரியின் செய்முறை இல்லை. எத்தனை முறை மின்னேற்றப்பட்டது, எவ்வளவு சூட்டைக் கண்டது, இப்போது எவ்வளவு கொள்ளளவு, எப்படிப் பத்திரமாகப் பிரிப்பது என்பதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகன பேட்டரி ஒவ்வொன்றுக்கும் மின்னணுக் கடவுச்சீட்டு வேண்டும் என்கிறது. எல்லாருக்கும் தெரிய வேண்டியது எது, முறையான தேவை உள்ளவருக்கு மட்டும் தெரிய வேண்டியது எது என்று அதிலேயே பிரித்திருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் நிறுவனம் அங்கே கொடுக்கப்போகிற தகவலை இங்கே கொடுக்க மறுப்பதற்குக் காரணம் இருக்க முடியாது.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொரு மறுப்பு. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர்களும், ஊருக்கு ஊர் லேத் பட்டறை வைத்திருப்பவர்களும் இத்தனை காலமாக இந்த வேலையைச் செய்துவருகிறார்கள். பல்லை விரலால் தடவியே கியரின் தேய்மானத்தைச் சொல்லும் அறிவு அவர்களுடையது. அவர்களும் நிச்சயமின்மையைக் கையாள்கிறார்கள். ஏடு இல்லாததால் உடலால் கையாள்கிறார்கள். தகவல், சான்றிதழ், இணையதளம் என்று அரசு இறங்கினால், அது பெரிய நிறுவனங்கள் மட்டும் ஏறக்கூடிய மேடையாகி, இவர்கள் ‘முறைசாராதவர்’ என்று விரட்டப்படக்கூடும். மின்னணுக் கழிவில் அப்படி நடந்திருக்கிறது. அதனால்தான் தகவல் பொருளோடு ஒட்டியிருக்க வேண்டும். ஆளுக்கு உரிமம் கொடுத்து அதற்குள் பூட்டக் கூடாது. கைப்பேசியில் ஒரு குறியீட்டை வருடினால், கிராங்க் எந்த அளவில் இருக்கிறது என்பதும், பேட்டரியின் உடல்நிலை என்ன என்பதும் புதுப்பேட்டைக் கடைக்காரருக்கும், தமிழில், காசில்லாமல் தெரிய வேண்டும். அவருடைய விரல் அறிவோடு அந்தத் தகவலும் சேர்ந்தால் அவர் செய்து கொடுக்கும் பாகத்துக்கு உத்தரவாதம் எழுதலாம். இன்று அவரால் செய்ய முடியாத ஒரே காரியம் அதுதான். அவருடைய பாகம் மலிவாக விலைபோவதற்குக் காரணமும் அதுதான்.

அரசு தன் வாங்கும் பலத்தையும் பயன்படுத்தலாம். ‘புதியதாகவும் பயன்படுத்தப்படாததாகவும் இருக்க வேண்டும்’ என்ற வரி நம் ஒப்பந்தப்புள்ளிகளில் பழக்கத்தால் இடம்பெறுகிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 2015இல், அரசு வாகனங்களைப் பராமரிக்கையில் மறுஉற்பத்திப் பாகங்களைப் பயன்படுத்த ஊக்குவிக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தரமும் விலையும் சரியாக இருந்தால் மட்டுமே என்ற நிபந்தனையுடன். பல்லாயிரம் வாகனங்கள் வைத்திருக்கும் அரசுக்கு, ஒரு பாகம் தவறினால் வரும் இழப்பைத் தாங்க முடியும். ஒற்றை லாரிக்காரரால் முடியாது. ஆபத்தைத் தாங்கக்கூடியவர் முதலில் வாங்கி, தவறியது எத்தனை, தாங்கியது எத்தனை என்ற கணக்கை வெளியிட்டால், மற்றவர்களின் தயக்கத்துக்கு ஓர் எல்லை கிடைக்கும்.

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. ஒப்பந்த நிறுவனம் இயக்க, மாநகர் போக்குவரத்துக் கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கும் முறை இது. பேருந்தும் டயரும் கூடமும் ஒரே கையில் இருந்த பழைய ஏற்பாடு இதில் இல்லை. அந்தப் பேட்டரிகள் ஒவ்வொரு நாளும் கோடை வெயிலில் எவ்வளவு சூடாகின்றன, எவ்வளவு வேகமாக மின்னேற்றப்படுகின்றன என்பதை அவற்றின் கட்டுப்பாட்டுக் கருவிகள் குறித்துக்கொண்டே இருக்கும். 2030களில் அவை ஒவ்வொன்றாகப் பேருந்தை விட்டு இறங்கும்போது அந்தக் குறிப்பு யாரிடம் இருக்கும், யாருக்குக் கொடுக்கப்படும் என்பதை ஒப்பந்தத்தின் ஒரு பத்தியில் எழுதிவிடலாம். அடுத்தடுத்து வாங்கப்போகும் பேருந்துகளின் ஒப்பந்தங்கள் இனிமேல்தான் கையெழுத்தாக இருக்கின்றன.